மண்ணுக்காக எழுந்த காப்டன் – தாமஸ் சங்கரா

மேற்கு ஆப்பிரிக்காவின் உட்பகுதியில், எந்தத் திசையிலும் கடல் எட்டாத நாடு ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அதற்கு மேல் வோல்ட்டா என்று பெயர். இன்று புர்க்கினா ஃபாசோ. ஏழ்மையில் உழன்ற அந்நாட்டை நான்கே ஆண்டுகள் ஆண்டு, 37ஆம் வயதில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர் தாமஸ் சங்கரா. பெயரைக் கேட்டதும் நம் ஊர்ச் சங்கரன் நினைவுக்கு வரக்கூடும். ஒலி ஒப்புமையே தவிர உறவு ஏதுமில்லை. அவரைப் புரட்சிக்காரர் என்று உலகம் அறியும். பெண் விடுதலைக்குக் குரல் கொடுத்தவர் என்றும் அறியும். ஆனால் தம் நாட்டின் மரத்தையும் மண்ணையும் அரசியலின் நடுவில் வைத்த ஆட்சியாளர் அவர் என்பது போதிய அளவு பேசப்படவில்லை. அந்தப் பக்கத்தையே இக்கட்டுரை விரித்துரைக்க முயல்கிறது.

அவர் பிறந்தது 1949 டிசம்பர் 21. பிறந்த ஊர் யாக்கோ. தந்தை ஜோசப், பிரெஞ்சு அரசின் ஆயுதக் காவற்படையில் பணியாற்றியவர். தாய் மார்கரித். தந்தைவழிக் குலம் சில்மி-மோசி எனப்படுவது. அதாவது, உழவரான மோசி மக்களும் மாடு மேய்க்கும் ஃபுலானி மக்களும் கலந்து தோன்றிய குலம். பின்னாளில் உழவருக்கும் மேய்ப்பருக்கும் இடையே சட்டம் செய்ய நேர்ந்தவரின் உடம்பில் இரு சாராரின் குருதியும் ஓடியது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தந்தையின் பணி காரணமாகச் சங்கராவின் இளமை தென்மேற்கிலுள்ள காவுவா என்ற ஊரில் கழிந்தது. பெற்றோர் அவரைப் பாதிரியாராக்க விரும்பினர். அவரோ போபோ-தியூலாசோவில் பள்ளிப் படிப்பைத் தொடர்ந்து, 1966இல் தலைநகர் வாகடூகுவின் இராணுவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அடாமா தூரே என்ற ஆசிரியர், வகுப்புக்கு வெளியே மாணவர் சிலரைக் கூட்டி உலக அரசியலை விளக்குவதுண்டு. நல்லாசிரியர் ஒருவர் பாடநூலுக்கு அப்பால் சொல்லிக்கொடுப்பது எத்தனை தூரம் போய்ச் சேரும் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

1970இல் மேற்பயிற்சிக்காக மடகாஸ்கர் தீவிலுள்ள அன்ட்சிராபே இராணுவக் கல்லூரிக்குச் சென்றார். 1972இல் அங்கே மாணவரும் தொழிலாளரும் திரண்டு ஓர் ஆட்சியையே கவிழ்த்ததைக் கண்ணால் கண்டார். அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் அந்தக் கிளர்ச்சியைத்தான் சொல்வார்கள். என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பயிற்சி முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல், கூடுதலாக ஓராண்டு தங்க அனுமதி கேட்டுப் பெற்றார். சிற்றூர்களில் மக்கட்பணி செய்த படைப்பிரிவில் சேர்ந்து உழவரோடு பழகினார். துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்ட கை, வயலில் என்ன நடக்கிறது என்பதையும் தொட்டுப் பார்த்தது.

1973இல் அவர் திரும்பியபோது தாய்நாடு கொடிய வறட்சியில் இருந்தது. 1968 முதல் 1973 வரை சஹாராப் பாலைவனத்தின் தென் விளிம்பு முழுவதும் மழை பொய்த்தது. மாடுகள் மந்தை மந்தையாக மடிந்தன. வடக்கிலிருந்த மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே நகர்ந்தனர்.

அந்நாட்டின் மண்

இங்கே சங்கராவைச் சற்று நிறுத்திவிட்டு அவர் நாட்டின் நிலத்தைப் பார்க்க வேண்டும். பூகோளப் பாடத்தில் சவானா என்று படிக்கிறோம்; உயர்ந்த புல்லும் இடையிடையே மரமும் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். ஆனால் புர்க்கினாவின் சவானா வெறும் காடன்று. அது உழவரின் வயல். காட்டைத் திருத்தும்போது பயன் தரும் மரங்களை வெட்டாமல் விட்டுவைப்பது அவர்களின் தொன்மையான வழக்கம். அதனால் சோளமும் கம்பும் விளையும் நிலத்தின் நடுவே ஷியா மரமும் நேரே மரமும் நிற்கும். ஷியா நம் இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் கொட்டையிலிருந்து பெண்கள் கொழுப்பு எடுப்பார்கள். நேரே மரத்தின் விதையைப் புளிக்க வைத்துக் குழம்புக்குச் சேர்ப்பார்கள். இவற்றினும் வியப்பானது ஃபைதெர்பியா என்னும் முள்மரம். எல்லா மரமும் மழைக்காலத்தில் தழைக்க, இதுமட்டும் மழைக்காலத்தில் இலை உதிர்க்கும், கோடையில் தழைக்கும். பயிர் வளரும்போது நிழல் தராது. வெயில் கொளுத்தும்போது மாட்டுக்கு நிழலும் காயும் தரும். உதிர்ந்த இலை மண்ணுக்கு உரமாகும்.

ஒரு நிலத்தின் உயிர் அதன் மக்கில் இருக்கிறது. செடியும் மரமும் காற்றிலுள்ள கரியமிலவாயுவை இழுத்து உடலாக்கிக்கொள்கின்றன. இலை உதிர்ந்து, வேர் மடிந்து, சாணம் விழுந்து, அந்தக் கரி மண்ணுக்குள் போகிறது. மக்கு நிறைந்த மண் நீரைப் பிடித்து வைக்கும். சத்தைப் பிடித்து வைக்கும். சவானாவில் கரியின் பெரும்பகுதி மரத்தில் இல்லை. மண்ணிலும் புல்லின் வேரிலும் இருக்கிறது. புர்க்கினாவின் உழுநிலங்களிலோ மேல்மண்ணில் கரியின் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டுவதில்லை. களிமண் குறைந்த மண் ஆதலால் சேர்ந்த மக்கும் விரைவில் கரைந்துவிடும். முன்பெல்லாம் சில ஆண்டுகள் பயிரிட்டபின் நிலத்தைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டுவிடுவார்கள். புல்லும் புதரும் வளர்ந்து மண் தேறும். மக்கள்தொகை பெருகப் பெருகத் தரிசுக்காலம் குறுகியது. சோளத்தட்டை மாட்டுக்கும் வேலிக்கும் அடுப்புக்கும் போயிற்று. மண்ணுக்குத் திரும்பியது எதுவுமில்லை. மேல்மண் இறுகி, மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோட, புல்லும் முளைக்காத வெற்றுத்தரை பரவிற்று. மோசி மொழியில் அதற்கு ஸிப்பெல்லே என்று பெயர். பாலைவனம் வடக்கிலிருந்து நடந்து வருகிறது என்று பலர் எண்ணினர். உண்மையில் அது ஒவ்வொரு வயலிலும் ஆங்காங்கே தோன்றிக்கொண்டிருந்தது.

இரசாயன உரம் போட்டால் தீராதா என்று கேட்கலாம். சாரியா என்ற ஊரின் ஆராய்ச்சிப் பண்ணையில் 1960இல் தொடங்கி நீண்ட காலம் நடந்த சோதனை இதற்கு விடை சொல்கிறது. உரம் மட்டும் போட்ட நிலம் மக்கை இழந்து புளித்துப்போயிற்று. தொழுவுரமும் சேர்த்து இட்ட நிலமே நிலைத்தது.

ஆட்சிப் பொறுப்பில்

1974இல் மாலி நாட்டோடு நிகழ்ந்த எல்லைப் போரில் சங்கரா பெயர் பெற்றார். 1976இல் போ என்ற ஊரின் அதிரடிப்படைப் பயிற்சி நிலையத்துக்குத் தலைவரானார். பிளேஸ் கொம்பாவோரே என்ற இளம் அதிகாரி நண்பரானதும் அக்காலத்தில்தான். 1981இல் செய்தித்துறைப் பொறுப்பேற்று, அமைச்சரவைக்கு மிதிவண்டியில் போய் எல்லோரையும் வியக்க வைத்தார். அடுத்த ஆண்டே பதவியை உதறினார். 1983 ஜனவரியில் பிரதமர். மே மாதத்தில் கைதி. ஆகஸ்டு 4ஆம் நாள் புரட்சியின் வழியே நாட்டின் தலைவர். அப்போது அவருக்கு வயது 33. ஓராண்டு கழித்து நாட்டின் பெயரைப் புர்க்கினா ஃபாசோ என்று மாற்றினார். நேர்மையாளர் நாடு என்பது அதன் பொருள்.

அவர் செய்தவற்றை அடுக்கினால் இந்த மலர் போதாது. 1984 நவம்பரில் இரண்டே வாரங்களில் ஏறத்தாழ 25 இலட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. தலைவரி ஒழிந்தது. ஆடம்பரக் கார்கள் விற்கப்பட்டு அமைச்சர்களுக்குச் சிறிய ரெனோ கார்கள் வந்தன. அவற்றை விட்டுவிட்டு நம் பொருளுக்கு வருவோம்.

1983-84இல் மறுபடியும் மழை பொய்த்தது. 1984 அக்டோபரில் தொடங்கிய மக்கள் வளர்ச்சித் திட்டத்தில் கிணறு, பள்ளி, மருந்தகம் ஆகியவற்றோடு மரமும் இடம்பெற்றது. பதினைந்து மாதங்களில் ஒரு கோடி மரக்கன்றுகள் நடப்பட்டன. 1985 ஏப்ரலில் மூன்று போராட்டங்களை அறிவித்தார். காட்டுத் தீக்கு எதிராக ஒன்று. கால்நடையை அவிழ்த்துவிட்டுப் பயிரையும் கன்றையும் மேயவிடுவதற்கு எதிராக ஒன்று. கண்டபடி விறகு வெட்டுவதற்கு எதிராக ஒன்று. உரிமச்சீட்டு பெற்றவரே விறகு விற்கலாம் என்றானது. மூன்று கல் அடுப்பைச் சுற்றி மண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்துச் சுவர் எழுப்பினால் விறகு மிச்சமாகும் என்று ஊர்தோறும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. சோளத்தில் மது காய்ச்சும் பெண்கள் எரிக்கும் விறகு கொஞ்சமன்று. அவர்களுக்கும் இந்தப் பாடம் தேவைப்பட்டது. திருமணம், குழந்தைக்குப் பெயரிடுதல், விருந்தினர் வருகை, எதுவானாலும் மரம் நட வேண்டும். அரசு வீடு பெற்றவர்கள் குறிப்பிட்ட அளவு மரம் நட்டு வளர்ப்பதாக உறுதி கொடுக்க வேண்டும். ஊருக்கு ஒரு தோப்பு என்ற பழைய வழக்கத்தையும் அவர் புதுப்பிக்க முனைந்தார்.

1986 பிப்ரவரியில் பாரிஸ் நகரில் மரங்களையும் காடுகளையும் பற்றி நடந்த பன்னாட்டு மாநாட்டில் சங்கரா உரையாற்றினார். காடு அழிவது இயற்கையின் சீற்றம் மட்டுமன்று, ஏழை நாட்டைச் சுரண்டும் அரசியலும் அதற்குக் காரணம் என்பது அவர் வாதத்தின் சாரம். முன்னாள் எசமானர்களின் தலைநகரிலேயே போய் இதைச் சொல்லத் துணிவு வேண்டும். பியேர் ரபி என்ற வேளாண் சிந்தனையாளர் வடக்கே கோரோம்-கோரோமில் உழவருக்கு மக்கிய எருத் தயாரிப்பைக் கற்பித்துவந்தார். சங்கரா அம்முறையை நாடெங்கும் பரப்ப விரும்பினார். மரத்தைப் போலவே மண்ணும் அவர் கண்ணில் பட்டிருந்தது என்பதற்கு இது சான்று.

கணக்கும் கசப்பும்

புகழ்பாடுவது எளிது. ஆனால் கணக்குப் பார்க்காமல் ஒரு மனிதரை மதிப்பிட முடியாது. ஒரு கோடி மரம் என்பது அன்றைய மக்கள்தொகையான ஏறத்தாழ 80 இலட்சத்துக்கு ஆளுக்கு ஒன்றுக்கு மேல், பெரிய முயற்சிதான். நாட்டின் பரப்போ 2,74,000 சதுர கிலோமீட்டர், அதாவது 2 கோடியே 74 இலட்சம் ஹெக்டேர். ஒரு கன்றும் சாகாமல் பிழைத்திருந்தாலும் இரண்டே முக்கால் ஹெக்டேருக்கு ஒரு மரம்தான் கூடியிருக்கும். எட்டு மாதக் கோடையில், தண்ணீர் சுமந்து ஊற்ற ஆளில்லாத இடத்தில் எல்லாக் கன்றும் பிழைக்குமா? நட்டவற்றுள் யூகலிப்டசும் நம் நாட்டிலிருந்து அங்கே போன வேம்பும் நிறைய. வேம்பு அந்த மண்ணில் நன்றாகவே வேரூன்றியது. வாகடூகுவின் தெருக்களில் இன்றும் நிழல் தருகிறது. ஆனால் உழவனின் வயலில் ஷியாவும் ஃபைதெர்பியாவும் செய்யும் வேலையை யூகலிப்டஸ் செய்வதில்லை.

மூன்று போராட்டங்களிலும் சிக்கல் இருந்தது. சவானாவில் தீ புதிய பகை அன்று. கோடையின் தொடக்கத்தில், புல்லில் ஈரம் இருக்கும்போது வைக்கும் சிறு தீ, பின்னால் வரக்கூடிய பெருந்தீயைத் தடுக்கும் என்பது சிற்றூர் மக்களின் பழைய அறிவு. இன்றைய ஆய்வாளரும் அதை ஒப்புக்கொள்கின்றனர். முற்றிலும் தடை என்பது அந்த அறிவுக்கு இடம் தரவில்லை. கால்நடையைக் கட்டி வை என்றால், மேய்ச்சலைத் தேடி நடப்பதையே வாழ்வாகக் கொண்ட ஃபுலானி மேய்ப்பன் எங்கே போவான்? அவனுடைய மாட்டின் சாணமே உழவனின் நிலத்துக்கு மக்கு. உழவர், மேய்ப்பர் இருவர் குருதியும் கலந்தவர் போட்ட சட்டத்தில் உழவர் பக்கம் தராசு தாழ்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிலச் சட்டம் இன்னொன்று. 1984 ஆகஸ்டில் நாட்டின் நிலம் யாவும் அரசுக்குச் சொந்தம் என்று ஆணை பிறந்தது. பழைய தலைவர்களின் பிடியிலிருந்து ஏழை உழவனை விடுவிப்பது நோக்கம். நோக்கம் உயர்ந்தது. ஆயினும் மரம் வளர ஆண்டுகள் ஆகும். அதுவரை நிலம் தன்னிடம் இருக்கும் என்று நம்பாதவன் மரம் வளர்ப்பானா? 1935ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் காட்டுச் சட்டமே தன் வயலிலுள்ள காக்கப்பட்ட மரத்தை வெட்ட உழவன் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று வைத்திருந்தது. வளரவிட்டால் அரசு மரம், முளையிலேயே பிடுங்கிவிட்டால் தொல்லையில்லை என்று மக்கள் நினைத்ததில் வியப்பில்லை. அண்டை நாடான நைஜரில் 1980களின் நடுவிலிருந்து இந்தக் கெடுபிடி தளர்ந்தது. உழவர்கள் வெட்டுண்ட அடிமரங்களிலிருந்து துளிர்க்கும் கிளைகளை வளரவிட்டார்கள். எவரும் கன்று நடாமலே ஏறத்தாழ 50 இலட்சம் ஹெக்டேர் நிலம் மரங்களால் நிறைந்தது.

கல்வித் துறையிலும் ஒரு கறை உண்டு. 1984இல் வேலைநிறுத்தம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ஒரே ஆணையில் அவர் வேலையை விட்டு நீக்கினார். நம் பேராசிரியர்கள் இதைப் படிக்கும்போது முகம் சுளிப்பார்கள், சுளிக்கத்தான் வேண்டும். அவரைப் போற்றுவோர் சிலர் அவர் காலத்தில் கோதுமை விளைச்சல் இரட்டிப்பானதாக எழுதுவதையும் கண்டேன். அந்த மக்களின் உணவு சோளமும் கம்பும். கோதுமையை வைத்து அந்நாட்டு உழவை அளப்பது எப்படி என்று விளங்கவில்லை.

யாத்தெங்காவின் உழவர்கள்

அதே ஆண்டுகளில், அதே நாட்டின் வடக்கிலுள்ள யாத்தெங்கா பகுதியில், ஆணை எதுவுமின்றி ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. உழவர்கள் நிலத்தின் சமமட்டம் பார்த்துக் கற்களை வரிசையாக அடுக்கினர். சரிவில் ஓடும் நீர் கல்லில் தடுமாறி நின்று மண்ணில் இறங்கியது. மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாய் போதும். 1979 முதல் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் திட்டம் ஒன்று இதில் உழவரோடு உழைத்தது. கூர்கா என்ற ஊரின் யாகூபா சவடோகோ, ஸாய் என்னும் பழைய குழிமுறையைத் திருத்தியமைத்தார். கோடையிலேயே இறுகிய தரையில் ஒரு சாண் அகலக் குழிகள் தோண்டி, ஒவ்வொன்றிலும் எருவைப் போட்டு வைப்பார். எருவைத் தேடி வரும் கறையான்கள் தரையைத் துளைக்கும். முதல் மழை அந்தத் துளைகள் வழியே இறங்கும். எருவில் கிடந்த விதைகளிலிருந்து மரக்கன்றுகளும் முளைத்தன. அவற்றை அவர் பிடுங்கவில்லை. அது ஒரு காடாகவே வளர்ந்தது. 2023 டிசம்பரில் அவர் காலமானார். கல்வரிசையும் குழியும் சேர்ந்து அந்நாட்டின் நடுப் பீடபூமியில் இரண்டு மூன்று இலட்சம் ஹெக்டேர் நிலத்தை மீட்டுள்ளன என்பது ஆய்வாளர் கணிப்பு.

சங்கராவின் ஆட்சியும் இந்த உழவர்களின் முயற்சியும் ஒரே காலத்தில் ஒரே மண்ணில் நடந்தன. ஒன்று முரசறைந்து நடந்தது, மற்றொன்று ஓசையின்றி. அவர் இன்னும் பத்தாண்டுகள் இருந்திருந்தால் இரண்டும் கைகோத்திருக்குமா? எருவின் மீது அவர் காட்டிய ஆர்வத்தைப் பார்க்கும்போது, கோத்திருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது.

அந்தப் பத்தாண்டுகள் அவருக்குக் கிட்டவில்லை. 1987 ஜூலையில் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் முன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வாதாடினார். அதே ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் மாலை, வாகடூகுவில் ஒரு கூட்டத்தில் இருந்தபோது, படைவீரர்கள் புகுந்து அவரையும் உடனிருந்த 12 பேரையும் சுட்டுக் கொன்றனர். உடல்கள் இரவோடிரவாகப் புதைக்கப்பட்டன. ஆட்சியில் அமர்ந்தவர் பழைய நண்பர் கொம்பாவோரே. 27 ஆண்டுகள் ஆண்ட அவரை 2014 அக்டோபரில் மக்கள் கிளர்ச்சி விரட்டியது. 2022 ஏப்ரல் 6ஆம் நாள், சங்கராவின் கொலைக்கு உடந்தையாக இருந்தார் என்று, அவர் நேரில் இல்லாத நிலையிலேயே இராணுவ நீதிமன்றம் வாழ்நாள் சிறை விதித்தது. 2023 பிப்ரவரியில் சங்கராவின் எச்சங்கள் அவர் வீழ்ந்த இடத்திலேயே மறுபடி அடக்கம் செய்யப்பட்டன.

2007இல் ஆப்பிரிக்க ஒன்றியம், சஹாராவின் தென் விளிம்பு நெடுகிலும் பசுமைப் பெருஞ்சுவர் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, பலருக்குச் சங்கராவின் மூன்று போராட்டங்கள் நினைவுக்கு வந்தன. பெயரில் சுவர் என்றிருந்தாலும், வரிசையாக மரம் நடுவதை விட உழவரின் வயலில் தானே முளைப்பதைக் காப்பதே அதில் பயன் தந்தது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மரங்களை ஒவ்வொன்றாக எண்ணும் வேலையும் நடந்திருக்கிறது. 2020இல் வெளிவந்த ஆய்வு, மேற்கு ஆப்பிரிக்காவின் 13 இலட்சம் சதுர கிலோமீட்டரில் 180 கோடிக்கும் மேற்பட்ட மரங்களைக் கண்டது; ஹெக்டேருக்குச் சராசரி 13. 2023இல் வந்த மற்றோர் ஆய்வு, ஆப்பிரிக்காவின் வறள்நிலங்களில் 97 இலட்சம் சதுர கிலோமீட்டரை ஆராய்ந்து 990 கோடி மரங்களை எண்ணி, அவற்றில் 84 கோடி டன் கரி இருப்பதாகக் கணக்கிட்டது. இலை, தண்டு, வேர் மூன்றும் அதில் அடக்கம். மண்ணிலுள்ள மக்கு அந்தக் கணக்கில் இல்லை. அதை வானிலிருந்து எண்ண முடியாது. வயலுக்குப் போய்க் குழி தோண்டி, மண்ணை எடுத்துக் காயவைத்து, ஆய்வுக்கூடத்தில்தான் அளக்க வேண்டும்.